பவுனில் கார் விலை: கேள்வி பதில்

நாகர்கோவில்: 1983ல மாருதி 800 ஐம்பதாயிரத்துக்கு உள்ளே கிடைச்சுதாமே. இப்ப ஏன் அண்ணாச்சி லட்சக்கணக்குல போகுது?

47,500 ரூபாய். ரூபாயை ரூபாயோடு வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். நம்ம ஊர்க் கல்யாணக் கணக்கில் போடுங்கள். அந்த வருஷம் பவுன் 1,450 ரூபாய் வட்டம். அப்போ ஒரு 800க்கு 33 பவுன் ஆச்சு. நாலு கியர், கார்புரேட்டர். ஏர்பேக், ஏபிஎஸ் எதுவும் கிடையாது. இன்றைக்கு ஆல்ட்டோ கே10 அடிப்படை மாடல் ஷோரூம் விலை நாலு லட்சத்துக்குள், அதிலேயே ஆறு ஏர்பேக். இன்றைய பவுன் விலையால் வகுத்துப் பாருங்கள், ஒரு கை விரலுக்குள் அடங்கும். தங்கம் கண்டபடி ஏறியதும் இதில் சேர்த்தி, அதை மறைக்கவில்லை.

கை கடிப்பது வரியில்தான். தமிழ்நாட்டு ஆயுள் வரி (பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டுவது) 2023 நவம்பரில் ஏறியது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 வரை 13, 20 வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1.29 லட்சம். சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு 10.10க்குப் போனால் 1.82 லட்சம். பதினைந்தாயிரம் கூடுதல் விலைக்கு ஐம்பத்திரண்டாயிரம் வரி! 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு செஸ்ஸோடு 29.

குளச்சல்: 2012 ஸ்விஃப்ட், கடற்கரை வீட்டு வண்டி. வாங்க என்ன விலைக்குக் கேட்கலாம்?

விலையை அப்புறம் பேசலாம், முதலில் வண்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்புக்காற்று, போதாததுக்கு இரண்டு மழைக்காலம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய காந்தம் போதும். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக்குக் கீழ் ஓரம், ஸ்டெப்னி குழி, போனட்டுக்குள் ஸ்ட்ரட் மேல்முனை: நாலையும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். மொறுமொறுவென்று உதிர்ந்தால் கும்பிட்டு வந்துவிடுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறது. கதவின் அடியில் நீர் வடியும் ஓட்டை அடைத்திருந்தால் துரு உள்ளிருந்து வரும், வெளியே தெரியும்போது கதவே போயிருக்கும். அடியில் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் இரட்டிப்பு சந்தேகம்.

மார்த்தாண்டம்: திருவனந்தபுரத்துல கேஎல் வண்டி அம்பதாயிரம் குறைவு. எடுத்தா லாபமா?

கூட்டிப் பாருங்கள். விற்கிறவர் அங்கே படிவம் 28ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து ஒட்ட வேண்டும். கடன் இருந்தால் அடைத்து, அடமானம் நீக்க வங்கியிடம் படிவம் 35. 2023ல் கேரளத்தில் ஏஐ கேமரா வந்தபிறகு நிலுவை அபராதம் இல்லாத வண்டியைத் தேட வேண்டியிருக்கிறது. அதைக் கட்டாமல் என்ஓசி நகராது. பிறகு இங்கே மார்த்தாண்டம் ஆர்டிஓவில் (டிஎன் 75) புது எண்ணுக்குப் படிவம் 27, வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி. அங்கே கட்டியதில் மீதி வருஷத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இங்கே கட்டி, புது ஆர்சி வந்தபிறகுதான். அதுவரை இரண்டு வரியும் உங்கள் பைசா.

கருங்கல்: எனக்க கொழுந்தன் நாலு வருஷமா கேஎல் நம்பர்லதான் ஓட்டுதான். ஒருத்தனும் கேக்கல்ல.

கேட்காதது சட்டம் ஆகாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவெண் மாற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47.

களியக்காவிளை: பன்னிரண்டு மாசம் எங்க இருந்து எண்ணுவினும்? நாங்க தினமும் ரெண்டு பக்கமும் போறோம்லா?

நல்ல கேள்வி, ஆனால் கருங்கல்காரருக்கு உதவாது. கேரளத்துப் பாறசாலையில் வீடு இருந்து, இங்கே வந்து போகிறவர் வேறு. வாங்கியவர் கருங்கல், வண்டி கருங்கல், ஆர்சி மட்டும் பழைய ஓனர் பேரில் என்றால் சிக்கல் போலீஸோடு நிற்காது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்சையும் மாற்ற வேண்டும். மாற்றாத வண்டி முட்டினால், வண்டிச் சேதத்துக்கு கம்பெனி கையை விரிக்கும்.

கருங்கல்: அவனுக்கு அப்படி ஒண்ணும் வரல்ல.

சரி, வரவேண்டாம்.

தக்கலை: மாருதி 800 அன்னைக்கு எவ்வளவு?

முதல் பதில்.

திங்கள்சந்தை: டீசல் எடுக்கலாமா? தினம் எட்டு கிலோமீட்டர் ஓட்டம்.

வேண்டாம். பிஎஸ்6 (இப்போதைய மாசு விதி) டீசலில் புகை வடிகட்டியில் கரி சேரும். அதை எரிக்க வெளியேறும் புகை 600 டிகிரி அளவு சூடாக வேண்டும். எட்டு கிலோமீட்டரில் இன்ஜினே முழுசாகச் சூடாகாது. ஏற்கெனவே டீசல் வைத்திருப்பவர்கள், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நாலுவழிச் சாலையில் இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் விடுங்கள்.

வடசேரி: 1998 மாருதி 800, பதிவைப் புதுப்பிக்க?

படிவம் 25, காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள். 15 வருஷம் தாண்டிய காருக்கு மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ஆனது; 20 தாண்டினால் 2025 முதல் 10,000. பசுமை வரி தனி. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் மாற்றிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் இருபது சதவீத எத்தனால் பழைய ரப்பரை உப்ப வைக்கும். மாதக்கணக்கில் நிறுத்துகிறதானால் டேங்கில் தண்ணீர் பிரிந்து நிற்கும், கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைக்காமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அடியைப் பார்த்தீர்களா?