சின்ன இணையதளம், விளம்பர வருமானம்: கேட்டவையும் பதில்களும்

விளம்பர வருமானத்துக்காகச் சிறிய தளம் தொடங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. புதியவர்கள் பலரும் கூகுள் ஆட்சென்ஸில்தான் (தளத்தில் விளம்பரம் காட்டி நமக்குப் பங்கு தரும் கூகுள் சேவை) தொடங்குகிறார்கள் என்பதால் பதில்களும் அதை ஒட்டியே இருக்கும்.

புதுவரவு: முதலில் எதற்கெல்லாம் காசு செலவழிக்க வேண்டும்?

டொமைனுக்கு (தளத்தின் முகவரிப் பெயர்) மட்டும். கூகுளின் இலவசச் சேவையான ப்ளாகரில் தொடங்கினால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) செலவே இல்லை, சொந்த டொமைனையும் அதில் இணைத்துக்கொள்ளலாம். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்தான் வேண்டும் என்றால் இருப்பதிலேயே சிறிய ஷேர்டு ஹோஸ்டிங் போதும். காசு கொடுத்து தீம் (தளத்தின் தோற்ற வடிவம்), லோகோ, தேடலில் முன்னே வர உதவும் எஸ்இஓ மென்பொருள் எதுவும் இப்போது வேண்டாம். டொமைன் வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள். தளம் செய்து தருகிறவர் பெயரில் டொமைனைப் பதிய விடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல்.

நிலாமுற்றம்: எந்தத் தலைப்பு எடுத்தால் நல்லது? பொன்மொழி, வாழ்த்துப் படங்கள் என்று யோசித்திருக்கிறேன்.

ஆள் வருவார்கள், காசு வராது. வாழ்த்துப் படம் தேடுகிறவர் எதையும் வாங்கும் எண்ணத்தில் இல்லை. அந்தப் பக்கத்துக்காக விளம்பரதாரர்கள் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் போட்டி போட மாட்டார்கள். ஒரு சிக்கலோடு தேடி வருகிறவர்களுக்கான தலைப்பை எடுங்கள், அதையும் குறுக்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, 'வீட்டு உபயோகப் பொருட்கள்' என்பது கடல். 'வாஷிங் மெஷின் பழுது' என்பது ஒரு தளம். 'துவைத்து முடிந்தும் தண்ணீர் வெளியேறவில்லை' என்பது ஒரு பக்கம். அதைத் தேடுகிறவர் ஈரத் தரையில் மெஷின் முன்னால் நின்றுகொண்டு போனில் தட்டுகிறார். வாஷிங் மெஷினின் வரலாறு அவருக்கு எதற்கு? முதல் வரியிலேயே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். அடுத்து, பின்னால் வடிகால் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால் கீழே ஓரத்தில் சின்ன மூடி இருக்கும். தட்டையான தட்டு ஒன்றை அடியில் வைத்து, ஃபில்டரை மெதுவாக இடப்பக்கம் திருகினால் தண்ணீரோடு நாணயமோ ஹேர்பின்னோ வந்து விழும். அங்கும் அடைப்பு இல்லையென்றால் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். நீங்களே எடுத்த நான்கு படங்கள். கடைசியில் 'ஃபில்டர் திருகவே வரவில்லை', 'பம்ப் உறுமுகிறது, தண்ணீர் போகவில்லை' என்று உங்கள் மற்ற பக்கங்களுக்கு இணைப்பு. இப்படி 25 பக்கம் இருந்தால் அது தளம். உதிரிபாகம் விற்பவர், சர்வீஸ் செய்பவர், புது மெஷின் விற்பவர் என எல்லோரும் அந்த இடத்துக்குப் போட்டி போடுவார்கள்.

எழுதும் முன் அந்தக் கேள்வியை நீங்களே தேடிப் பாருங்கள். நாணய மாற்று, இன்றைய தேதி மாதிரி தேடல் பக்கமே மேலே பதிலைச் சொல்லிவிடும் கேள்விகளை விட்டுவிடுங்கள். உங்களிடம் யாரும் வந்து சேர மாட்டார்கள்.

அகரம்: தமிழில் எழுதினால் விளம்பரம் வருமா?

வரும். 2018 முதல் ஆட்சென்ஸில் தமிழ் ஆதரிக்கப்படுகிறது. ஆனால் படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எதை வாங்கும் நிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து கட்டணம் மாறும்.

மறுபடியும்_முயற்சி: 'குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்' என்று ஆட்சென்ஸ் விண்ணப்பத்தை இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். 60 பதிவு போட்டிருக்கிறேன் சார், இன்னும் எத்தனை வேண்டும்?

கூட்ட வேண்டாம், குறையுங்கள். இத்தனை பதிவு வேண்டும், இத்தனை பேர் வர வேண்டும் என்று ஆட்சென்ஸில் விதியே கிடையாது. 60 பதிவில் 40 பதிவு நாலு வரிச் செய்தியாகவோ வேறு தளத்தில் இருப்பதை வார்த்தை மாற்றி எழுதியதாகவோ இருந்தால், மொத்தத் தளமும் அப்படித்தான் தெரியும். தேறாத பதிவுகளை அழியுங்கள், அல்லது ஒரே தலைப்பில் சிதறிக் கிடப்பதை ஒரே பக்கமாகச் சேருங்கள். என் கணக்கில் முழுமையான 20, 25 பக்கம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று. மெனுவில் ஆறு பிரிவு, அதில் மூன்றைத் தட்டினால் 'எதுவும் இல்லை'. தீமோடு வந்த மாதிரிப் பதிவு அழிக்கப்படாமல் கிடக்கும். டேக் பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பதிவு. இதையெல்லாம் துடைத்துவிடுங்கள். தொடர்புப் பக்கமும் தனியுரிமைக் கொள்கையும் கட்டாயம் இருக்கட்டும். மூன்றாம் தரப்பு விளம்பர நிறுவனங்கள் குக்கீ பயன்படுத்துகின்றன என்பது அந்தக் கொள்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கூகுள் படத் தேடலில் எடுத்த படங்களை நீக்குங்கள். நிராகரித்த அன்றே மறுபடி விண்ணப்பிப்பதில் பயனில்லை. திருத்தியதை கூகுள் மறுபடி படித்திருக்கிறதா என்று சர்ச் கன்சோலில் (தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி) பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கணக்குப்புலி: ஆயிரம் பேர் பார்த்தால் எவ்வளவு கிடைக்கும்?

அந்த எண்ணுக்குப் பெயர்தான் ஆர்பிஎம். வருமானத்தைப் பக்கப் பார்வைகளால் வகுத்து 1000 ஆல் பெருக்கினால் வரும். தளத்துக்குத் தளம் மாறும் எண் அது, யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். கணக்குக்கு மட்டும் 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்சென்ஸ் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்பும், ஆக 50,000 பார்வை வேண்டும். நாளைக்கு 200 பார்வை என்றால் 250 நாள். ஆர்பிஎம் ஒரு டாலராக இறங்கினால் 500 நாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

பங்கு எப்படி என்றால், 2024 முதல் விளம்பரம் வாங்கும் தளத்தின் கட்டணம் போக மிச்சத்தில் 80 சதவீதம் நமக்கு. விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக ஒரு டாலர் கொடுத்தால், சராசரியாக 15 சென்ட் அங்கே கழியும். மிச்சம் 85 சென்ட்டில் 80 சதவீதம், அதாவது 68 சென்ட் நம் பங்கு. அதே சமயத்தில்தான் க்ளிக்குக்குப் பணம் என்ற முறை போய் இம்ப்ரெஷனுக்கு (விளம்பரம் ஒருமுறை காட்டப்படுவதற்கு) பணம் என்று மாறியது. 'ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு' என்று சொல்லும் பழைய வீடியோக்களை ஒதுக்கிவிடலாம்.

கைப்பேசி_வாசகி: எத்தனை விளம்பரம் வைக்கலாம்? ஆட்டோ ஆட்ஸ் போட்டதும் தளம் அசிங்கமாகிவிட்டது அண்ணா.

ஆட்டோ ஆட்ஸ் என்பது கூகுளே இடம் பார்த்து விளம்பரம் வைப்பது. அதில் அளவைக் குறைக்கும் ஸ்லைடர் இருக்கிறது, முதலில் அதை இறக்குங்கள். முழுத்திரை விளம்பரத்தை அணைத்துவிடலாம். விளம்பரத் துறை வகுத்த பெட்டர் ஆட்ஸ் தரநிலைப்படி, கைப்பேசியில் பக்கத்தின் உள்ளடக்க உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருக்கக் கூடாது. சின்னத் தளத்துக்குக் கைப்பேசியில் மூன்று போதும்: இரண்டாம் பத்திக்குப் பிறகு ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று.

அசிங்கமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், விளம்பரம் தாமதமாக வந்து இறங்கும்போது பத்தி கீழே குதிப்பதுதான். கைப்பேசியில் வழக்கமான அளவு 300×250. விளம்பரம் வரும் பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் 250 பிக்சல் என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரல்) முன்பே ஒதுக்கிவிட்டால் குதிக்காது. இந்தக் குதிப்பை அளக்கும் எண் சிஎல்எஸ், 0.1க்குள் இருந்தால் நல்லது. பதிவிறக்கப் பொத்தானுக்கும் மெனுவுக்கும் ஒட்டி விளம்பரம் வைக்காதீர்கள். கைதவறி விழும் க்ளிக் கணக்கைக் கெடுக்கும்.

துரு: 'ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) கோப்பு கிடைக்கவில்லை' என்று சிவப்பில் காட்டுகிறது.

உங்கள் இடத்தை விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஒற்றை வரிக் கோப்பு அது. தப்பு பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கோப்பை ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள் போட்டிருப்பீர்கள், அது டொமைனின் வேரிலேயே இருக்க வேண்டும். அல்லது வேர்டில் தட்டச்சு செய்து சேமித்திருப்பீர்கள், நோட்பேட் போதும். மூன்றாவது நுணுக்கமானது. தளத்தில் ஒட்டும் விளம்பர நிரலில் உங்கள் எண் 'சிஏ-பப்' (ca-pub) என்று தொடங்கும், இந்தக் கோப்பில் 'சிஏ' இல்லாமல் வெறும் 'பப்' (pub), அதன் பின் 16 இலக்கம். நிரலிலிருந்து நகலெடுத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஆட்சென்ஸ் கணக்கே தரும் வரியை அப்படியே ஒட்டுங்கள். சரிசெய்த பிறகும் சிவப்பு மறையச் சில நாள் ஆகும்.

நண்பேன்டா: நண்பர்களை தினமும் இரண்டு க்ளிக் செய்யச் சொன்னால் தெரியவா போகிறது?

தெரியும். உங்கள் க்ளிக்கும் சரி, அவர்கள் க்ளிக்கும் சரி, கணக்கை மூடக் காரணமாகும். மூடினால் மறுபடி திறப்பது அரிது, வேறு பெயரில் ஆரம்பித்தாலும் பிடிபடும். காசு கொடுத்து ட்ராஃபிக் (தளத்துக்கு வரும் ஆட்கள்) வாங்குவதும் இதே ரகம். தளம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமானால் பாருங்கள், விளம்பரத்தைத் தொடாதீர்கள். 'விளம்பரம் வழங்கல் வரம்பு' (உங்கள் தளத்தில் காட்டும் விளம்பரத்தை கூகுள் குறைப்பது) என்று அறிவிப்பு வந்தால் நிரலைக் கழற்றி மாட்ட வேண்டாம். சந்தேகமான ட்ராஃபிக் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்துங்கள். பொதுவாக 30 நாளுக்குள் விலகும், சில சமயம் நீளும்.

சோம்பேறி: ஏஐ எழுதிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் 500 பக்கம் போட்டுவிடலாமே?

போடலாம். அப்படி மொத்தமாகக் கொட்டும் பக்கங்களைத் தேடலிலிருந்து தள்ளுவதற்கென்றே 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம் கொள்கையை மாற்றியது. யார் எழுதியது என்பது அதில் பிரச்சினையில்லை, வாசகருக்குப் பயனில்லாமல் பெருக்குவதுதான் பிரச்சினை.

காத்திருப்பு: 14 டாலர் சேர்ந்துவிட்டது. பின் எண் கடிதம் இன்னும் வரவில்லை.

10 டாலரைத் தாண்டியதும் முகவரியைச் சரிபார்க்கும் அந்தப் பின் எண்ணை (PIN) தபாலில் அனுப்புவார்கள், வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கணக்கில் உள்ள முகவரியைத் தபால்காரர் கண்ணால் படியுங்கள்: கதவு எண், அஞ்சல் குறியீடு, முடிந்தால் கைப்பேசி எண். தவறு இருந்தால் திருத்திவிட்டு மறுபடி பின் கேளுங்கள். நான்கு மாதத்துக்குள் பின் எண்ணை இடாவிட்டால் விளம்பரம் நின்றுபோகும். கணக்கிலுள்ள பெயரும் வங்கிப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும், இனிஷியல் உட்பட. 100 டாலரைத் தொட்டால் அடுத்த மாதம் 21 முதல் 26ஆம் தேதிக்குள் அனுப்புவார்கள். மாத நடுவில் திரையில் தெரிவது மதிப்பீடுதான். செல்லாத க்ளிக்குகளைக் கழித்து, அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் இறுதித் தொகை வரும். 103 டாலர் காட்டியது 98 ஆக இறங்கினால் அந்த மாதம் பணம் வராது, மிச்சம் அடுத்ததோடு சேரும்.