டாக்டரை மாற்றினால் துரோகமா?

கேள்வி: பல வருடங்களாக ஒரே குடும்ப டாக்டரிடம்தான் போகிறேன். சர்க்கரை, பி.பி. இரண்டுக்கும் அவர்தான் மருந்து தருகிறார். கொஞ்ச நாளாக, நான் வாயைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே மருந்து எழுதிவிடுகிறார். புது பி.பி. மாத்திரை சாப்பிட்டதிலிருந்து தலைசுற்றுகிறது என்றேன். 'வயசானா அப்படித்தான்' என்று முடித்துவிட்டார். வேறு டாக்டரிடம் போகலாமா? அது துரோகமாகாதா?

பதில்: முதலில் தலைசுற்றலைக் கவனிப்போம். துரோகம் அப்புறம். பி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்கு, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். சர்க்கரை தாழ்ந்தாலும் தலை சுற்றும். உட்கார்ந்தும் நின்றும் பி.பி. பார்க்காமல் வயதின் மேல் பழிபோடுவது சரியில்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆனால் இந்த வாரமே யாராவது ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மயங்கி விழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வீடு மாறுவது, காப்பீடு மாறுவது, டாக்டர் ஓய்வு பெறுவது போன்ற காரணங்களை விட்டுவிட்டால், டாக்டரை மாற்றுபவர்கள் பலரும் சொல்வது உங்கள் குறையைத்தான்: 'நான் சொல்றதைக் கேட்கவே மாட்டேங்கிறார்.' அவருடைய மருத்துவ அறிவை அளக்க நம்மிடம் கருவி இல்லை. காது கொடுத்தாரா என்பது மட்டும் நன்றாகவே தெரிகிறது. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் 74 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். வந்த விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அப்போது மேஜையில் கம்ப்யூட்டர்கூட இருந்திருக்காது!

ஆனாலும் பழைய டாக்டரைச் சட்டென்று விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நார்வேயில் 2022-ல் வெளியான பெரிய ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 வருடங்களுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருடமே இருந்தவர்களைவிட, மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தன. பழக்கம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் உங்கள் உடம்பின் கதை தெரிந்த ஒருவர் லேசில் கிடைப்பதில்லை.

அதனால் தலைசுற்றலுக்காக அவரிடமே ஒரு தடவை போய்ப் பாருங்கள். உட்கார்ந்ததுமே, 'டாக்டர், எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், இதை முழுசா சொல்லிடறேன்' என்று ஆரம்பியுங்கள். எப்போது சுற்றுகிறது, மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். திரும்பிப் பார்த்தால் சரி. அன்றைக்கும் கம்ப்யூட்டர்தான் என்றால் தாராளமாக மாற்றுங்கள். (சளிக்கு ஆன்டிபயாடிக் எழுத மறுத்தார் என்று டாக்டரை மாற்றுபவர்களும் உண்டு. அப்படி மறுக்கும் டாக்டரை நான் விடவே மாட்டேன்.)

மாற்றுவதானால் பழைய ரிப்போர்ட்களின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்: மருந்துகளின் பெயரும் அளவும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை, இ.சி.ஜி., எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் காட்டுவது மட்டும் வேண்டாம். ஒரே மருந்தை இருவரும் வேறு வேறு பிராண்டு பெயரில் எழுதிக் கொடுத்து, நீங்கள் இரண்டையும் விழுங்கிவிட வாய்ப்புண்டு. யாராவது ஏன் என்று கேட்டால், 'வேற டாக்டர்கிட்ட பார்க்கப் போறேன்' என்றால் போதும்.