டீசல் செலவைப் பங்குச் சந்தையில் ஈடுகட்ட முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் இரண்டு குட்டி யானை வண்டிகளை ஜவுளி லோடுக்கு ஓட்டுகிறேன், மாதம் 300 லிட்டர் டீசல் ஆகிறது. வெளிநாட்டில் போர் என்றாலே மனம் பதறுகிறது. 3 லட்ச ரூபாய் வைப்பு நிதியை முடித்து, எண்ணெய் நிறுவனப் பங்குகளை வாங்கினால், டீசலில் போவதைப் பங்கில் எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இதே கணக்கைப் போட்டவர்களை 2022ஆம் ஆண்டு ஏமாற்றியது.

அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் 7 அன்று, உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 130 டாலரைத் தாண்டியது. ஆனால் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் தேர்தல் முடிவு மார்ச் 10 அன்று வெளிவந்து, மேலும் பன்னிரண்டு நாள் கழியும்வரை, முந்தைய நவம்பரிலிருந்தே நம் பங்க் விலை அசையவில்லை. பிறகு காசு காசாக ஏறி, ஏப்ரல் 6க்குள் சென்னையில் டீசல் 91.43 ரூபாயிலிருந்து 100.94 ரூபாயானது. அந்த மாத இறுதியில், வாட் வரியைக் குறைக்காத மாநிலங்களில் ஒன்றாகத் தமிழகத்தையும் பிரதமர் சுட்டிக்காட்ட, 2021 ஆகஸ்டிலேயே பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்ததை முதல்வர் ஸ்டாலின் நினைவூட்டினார். (அது பெட்ரோலுக்கு மட்டும், டீசல் வண்டிக்காரரான உங்களுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை.) மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்ததும் விலை 94.24 ரூபாய்க்கு இறங்கி, பின்னர் கச்சா எண்ணெய் வெகுவாக மலிந்தபோதும், 2024 மார்ச் வரை அங்கேயே நின்றது.

பங்குகளின் கதை இன்னும் மோசம். கச்சா எண்ணெய் ஏறிய அளவுக்கு பங்க் விலையை ஏற்ற முடியாமல் விற்ற இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் மூன்றும் ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நஷ்டம் காட்டின. இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் நஷ்டம் மட்டும் 10,000 கோடி ரூபாய்க்கு மேல். எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள் லாபம் பார்க்கத் தொடங்கியதும், ஜூலை 1 அன்று அவற்றின் மீது, எதிர்பாராமல் கிடைக்கும் கூடுதல் லாபத்துக்குப் போடும் ‘திடீர் லாப வரி’ விழுந்தது. நீங்கள் பங்கில் போடுவது போரின் மேல் பந்தயம் அன்று; தேர்தல் தேதியையும் வரி அறிவிப்பையும் ஊகிக்கும் பந்தயம்.

உங்கள் பாதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். அன்றைய ஏற்றம் முழுவதும் மீண்டும் வந்தாலும், 300 லிட்டருக்கு மாதம் ஏறத்தாழ 2,850 ரூபாய். ஆறு மாதத்துக்கு 17,000 ரூபாய். அதை வரவிலிருந்து சிறிது சிறிதாகச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கினால் போதும், வைப்பு நிதியைத் தொடவே வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, நிரந்தரப் பார்ட்டிகளிடம் வாடகை பேசும்போது அன்றைய டீசல் விலையைச் சீட்டிலேயே குறித்து, அது 5 ரூபாய் கூடினால் டிரிப்புக்கு எவ்வளவு கூடும், குறைந்தால் எவ்வளவு குறையும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.