குட்டி துள்ளுகிறாள், உள்தையல் இன்னும் ஆறவில்லை

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு ஏழு மாதம் ஆகிறது. நான்கு நாளுக்கு முன் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். முதல் நாள் சுருண்டு படுத்திருந்தவள் இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள், சோபா மேல் தாவுகிறாள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு வளையத்தை, அதாவது கோனை, மாட்டினால் அசையாமல் நின்றுவிடுகிறாள். பாவமாக இருக்கிறதே என்று பகலில் கழற்றிவிடுகிறோம். இன்று காலை தையலுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம். தொட்டால் அழவில்லை. வலிக்குமோ என்று நாங்கள் போடும் காய்ச்சல் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? — ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள், பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும். ஐபுபுரோஃபென் இன்னும் மோசம்: வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கப்படும். மருத்துவர் நாய்க்கென்று கொடுத்த வலி மருந்து இருந்தால் அதை மட்டும், சொன்ன அளவில், சாப்பாட்டோடு கொடுங்கள். அதைக் கொடுத்தபின் வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ நிறுத்திவிட்டு அவருக்கு உடனே போன் செய்யுங்கள். ஏற்கெனவே மனித மாத்திரை எதையாவது கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களை யாரும் திட்டப்போவதில்லை, சிகிச்சைக்கு அந்தத் தகவல் வேண்டும்.

அடுத்து வீக்கம். குட்டி அதிகமாக ஆடி ஓடும்போது தோலுக்கும் தசைக்கும் நடுவே நீர் கோத்துக்கொள்வது உண்டு. மெத்தென்று, வலியில்லாமல், சூடோ சிவப்போ இல்லாமல் இருக்கும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். அமுக்கிப் பார்க்கவோ ஊசியால் குத்தவோ கூடாது. உள்ளே போட்ட நூலுக்கு உடம்பு எதிர்வினை காட்டினாலும் கட்டி போல வரும், அது கொஞ்சம் கெட்டியாக இருக்கும். இந்த இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். நான் யோசிப்பது மூன்றாவதைத்தான்: வயிற்றுச் சுவரில் போட்ட உள்தையல் விட்டுப்போய், அந்த இடைவெளி வழியாகக் கொழுப்போ குடலோ தோலுக்கு அடியில் வந்து நிற்பது. அதுவும் தொடக்கத்தில் மெத்தென்றுதான் இருக்கும், வலிக்காமலும் இருக்கலாம். கையால் தடவிப் பார்க்காமல் இது எது என்று என்னால் சொல்ல முடியாது, புகைப்படத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அதனால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே அறுவை சிகிச்சை செய்தவரிடம் காட்டிவிடுங்கள். அதற்குள் வீக்கம் பெரிதானாலோ, தையல் வாய் திறந்தாலோ, ரத்தமோ நீரோ சொட்டினாலோ நொடியும் தாமதிக்காதீர்கள். உள்ளிருந்து ஏதாவது வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளப் பார்க்க வேண்டாம். சுத்தமான ஈரத்துணியால் மூடி, கோனை மாட்டி, தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது அந்த ஓட்டத்துக்கு வருகிறேன், எல்லாவற்றுக்கும் வேர் அதுதான். வெளியில் நீங்கள் பார்ப்பது தோலில் போட்ட தையலை மட்டும்தான். இந்த அறுவை சிகிச்சையில் வழக்கமாக நடுவயிற்றைத் திறந்து சினைப்பைகளையும் கருப்பையையும் எடுக்கிறோம். மூடும்போது வயிற்றுச் சுவருக்கு ஒரு தையல், தோலடித் திசுவுக்கு ஒன்று, அப்புறம் தோலுக்கு ஒன்று. தோலின் விளிம்புகள் சில நாளிலேயே ஒட்டி அழகாகிவிடும். பாரத்தைத் தாங்குவதோ வயிற்றுச் சுவர். அது இரண்டு வாரம் கழித்தும் பழைய வலிமையில் ஒரு சிறு பங்கைத்தான் திரும்பப் பெற்றிருக்கும், அதுவரை பிடித்து நிறுத்துவது நூல்தான். உங்கள் குட்டி சோபாவிலிருந்து குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நூல்தான் இழுபடுகிறது. வயதான நாய்கள் வலித்தால் படுத்துவிடும். குட்டிகள் அப்படியில்லை, மூன்றாம் நாளே எல்லாம் மறந்து துள்ளும். அந்த உற்சாகத்தைப் பார்த்து நமக்கும் மனசு நிறைந்து, கவலையை விட்டுவிடுகிறோம்.

ஆகவே 10 முதல் 14 நாள் வரை அவளைக் கட்டுக்குள் வைத்திருங்கள். கூண்டுப் பழக்கம் இருந்தால் கூண்டு, இல்லாவிட்டால் தாவுவதற்கு எதுவும் இல்லாத சிறிய அறை. வெளியே போவது காலைக்கடனுக்கு மட்டும், வாரைக் கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம். வீட்டுக்குள் விடும்போதும் வார் இருக்கட்டும். படிக்கட்டு கூடாது, வேறு நாயோடு விளையாட்டும் கூடாது. தூக்க வேண்டியிருந்தால் ஒரு கை நெஞ்சுக்கு முன்னால், இன்னொரு கை பின்தொடைகளுக்குப் பின்னால். வயிற்றில் கை அழுத்தக் கூடாது.

ஓட முடியாத குட்டிக்குச் சக்தி எங்கே போகும்? மூக்குக்கு வேலை கொடுங்கள். அவளுடைய வேளைச் சாப்பாட்டையே மடித்த துண்டுக்குள் ஒளித்து வைத்து மோந்து தேடவிடுங்கள். நக்கித் தின்னும் பொம்மைகள், உட்கார், இரு, கையைப் பார் போன்ற சிறு பாடங்கள். பத்து நிமிடம் மோந்து தேடிய குட்டி நன்றாகக் களைத்துத் தூங்கும். இத்தனை செய்தும் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் லேசான அமைதி மருந்து கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, நானே பல குட்டிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, கோன். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் பகலிலும் இரவிலும் அது கழுத்தில் இருக்க வேண்டும். ஓரிரு நாளில் அவளுக்குப் பழகிவிடும், அசையாமல் நிற்பதும் போய்விடும். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்கிறதா, கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். சாப்பிடும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கழற்றலாம். நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. உண்மையில் அந்த வாயில் கிருமிகள் ஏராளம், தையலைக் கடித்துப் பிரிக்கச் சில நிமிடம் போதும். கோனே ஆகாது என்றால் உடம்பை மூடும் துணிச்சட்டை ஒரு வழி. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

தையலைக் காலையும் மாலையும் பாருங்கள், தினமும் ஒரு படம் எடுத்து வைத்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். முதல் சில நாள் லேசான சிவப்பும் நீலக் கன்றலும் சகஜம். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், களிம்பு எதுவும் தடவாதீர்கள். தையல் பிரிக்கும்வரை குளியல் கிடையாது. மயக்கத்துக்காகத் தொண்டையில் குழாய் வைத்ததால் முதல் இரண்டு மூன்று நாள் லேசாக இருமலாம், மலம் கழிக்கவும் அத்தனை நாள் ஆகலாம்.

ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, சிறுநீர் கழிக்க முக்குவது, வயிறு உப்புவது, துள்ளிக்கொண்டிருந்தவள் திடீரென்று துவண்டு போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், அது அவசரம். நாயின் இயல்பான உடல் சூடு சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் காய்ச்சலாகத் தெரிவது அவளுக்கு இயல்பு, 103-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான கலோரி குறையும், பசி மட்டும் கூடும். மாதம் ஒருமுறை எடை பார்த்து அளவை மாற்றுங்கள். வளரும் வயது என்பதால் நீங்களாகவே பாதியாகக் குறைத்துவிட வேண்டாம்.

தோலுக்குத் தானே கரையும் நூல் போட்டிருந்தால் பிரிக்க எதுவும் இருக்காது, அப்போதும் 10 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் சரி என்று சொன்ன அன்றே மைதானத்தில் அவிழ்த்துவிடாதீர்கள். முதலில் வாரோடு பதினைந்து நிமிட நடை, இரண்டு மூன்று நாளில் அரை மணி, ஒரு வாரம் கழித்து ஓட்டம்.