கார்புரேட்டர் உறைபனி என்றால் என்ன? பனி மூடிய ஊர்களில் மட்டும்தான் வருமா?

வீட்டிலேயே கட்டிய சிறு விமானங்கள் பலவற்றில் இருப்பது கார்புரேட்டர் வைத்த எஞ்சின். காற்றும் பெட்ரோலும் கலக்கும் அதன் குறுகிய கழுத்தில் ஈரம் உறைந்து, காற்று போகும் வழியை அடைப்பதுதான் கார்புரேட்டர் உறைபனி.

பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. குறுகிய வழியில் காற்றழுத்தமும் குறைவதால், உள்ளே வெப்பநிலை 20, 30 டிகிரிகூட இறங்கிவிடும். கும்பகோணத்துக் கல்யாண மண்டபத்தில் பெரிய அடுப்பு எரியும்போது கேஸ் சிலிண்டரின் அடிப்பக்கம் வியர்த்து வெள்ளை பூக்குமே, ஏறக்குறைய அதே சங்கதி. சமையல்கட்டில் என்னவோ புழுக்கம்தான்!

உறைபனி பிடித்தால் எப்படித் தெரியும்? விமானத்தின் முன் விசிறி (புரொப்பெல்லர்) இதழ்க் கோணம் மாறாத வகை என்றால், த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) தொடாமலே சுழற்சி மெல்லக் குறையும். பிறகு எஞ்சின் கரகரக்கும். உடனே கார்ப் ஹீட் கைப்பிடியை முழுசாக இழுக்க வேண்டும், பாதி ஆகாது. புகைக்குழாய்ச் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே போகும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, அதனால் சுழற்சி முதலில் இன்னும் விழும். உருகிய தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் இருமும். பயந்துபோய் கைப்பிடியைத் திரும்பத் தள்ளுவதுதான் பெரிய தப்பு. அரை நிமிடமோ சில நிமிடமோ பொறுத்தால் சுழற்சி ஏறும். இறங்கும்போது த்ராட்டிலை மூடுவதற்கு முன்பே கார்ப் ஹீட்டை இழுத்துவிடுவது நல்லது.

கடுங்குளிரில்தான் இந்த ஆபத்து அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மைனஸ் 20 டிகிரியில் பனி நிலத்தின் மேல் காற்றில் ஈரம் மிகக் குறைவு, மார்கழி விடியலில் வயல்மேல் மூடுபனி நிற்கும் 20 டிகிரி தஞ்சாவூர்க் காற்றுதான் இதற்குக் கச்சிதம்.