சூரியன் மறையாத இடத்தில் எல்லையைக் கண்டது எப்படி?

கேள்வி: என் தாத்தா இரவில் துருவ நட்சத்திரத்தை வைத்தே கரை சேர்ந்தவர். கோடைத் துருவத்திலோ இரவே கிடையாது; காந்த ஊசியையும் அங்கே நம்ப முடியாதாம். அப்படியிருக்க, தென்துருவத்தை அடைந்துவிட்டதை நார்வே நாட்டுப் பயணி ஆமுண்ட்சென் எவ்வாறு உறுதிசெய்தார்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் தாத்தாவின் நட்சத்திரம் கடலூர்க் கடலில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரத்தில் நிற்கும், அந்த உயரமே ஊரின் அட்சரேகையும் ஆகும். தென்துருவத்தில் அது தெரியவே தெரியாது என்பதால், அங்கே மறையாத சூரியனையே அளந்தார்கள்.

சூரியனின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவிக்கு ஓர் அடிவானக் கோடு வேண்டும். கப்பலில் கடல் அதைத் தந்துவிடும். மேடும் பள்ளமுமான பனிவெளி தராது. ஆகவே சிறு தட்டில் பாதரசத்தை ஊற்றி, காற்றில் அது நடுங்காதபடி கண்ணாடியால் மூடி, அதில் தெரியும் சூரியனும் வானத்துச் சூரியனும் விளிம்போடு விளிம்பு தொடும்வரை கருவியின் கையை மெல்ல நகர்த்தி, கிடைத்த கோணத்தைப் பாதியாக்குவார்கள். பாதரசம் உறையாதா என்று கேட்பீர்கள். உறையும், ஆனால் அதற்குச் சுழியத்துக்குக் கீழே 39 டிகிரி குளிர் வேண்டும், டிசம்பரில் அங்கே அவ்வளவு குளிர் இருக்காது.

நமக்குச் சித்திரை நண்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடுகிறது. துருவத்திலோ டிசம்பர் நடுவில் சூரியன் ஏறாமலும் இறங்காமலும் 23 பாகைக்குச் சற்று மேலே நின்று வட்டமிடும். ஒரு மீட்டர் கம்பை நட்டால் சுமார் 2.3 மீட்டர் நிழல் நீளம் மாறாமல் நாள் முழுதும் சுற்றிவரும். துருவத்தை விட்டு விலகியிருந்தால் விலகிய அளவுக்குச் சூரியன் ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழும். ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, வித்தியாசம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் விலகலைக் காட்டும். 1911 டிசம்பர் 14 அன்று வந்திறங்கிய ஆமுண்ட்சென் குழு, தன் கணக்கை அப்படியே நம்பிவிடாமல் மூன்று பேரை மூன்று திசைகளில் பனிச்சறுக்கில் அனுப்பியது. பின்னர் முகாமைச் சில கிலோமீட்டர் நகர்த்தி, முறைவைத்து 24 மணிநேரமும் மணிக்கொரு முறை சூரியனை அளந்தது. அந்தப் பொறுமையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

வடதுருவத்தை 1909 ஏப்ரலில் அடைந்ததாகச் சொன்ன அமெரிக்கப் பயணி பியரியின் கணக்கு இன்றுவரை சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது. அப்போது அங்கே சூரியன் 7 பாகைகூட உயர்ந்திருக்காது. அவ்வளவு தாழ்ந்த ஒளியைக் குளிர்காற்று வளைத்து, உயரத்தைக் கூட்டிக் காட்டும்.