கத்திரி வெயிலில் வீட்டுத்தோட்டம்: கேள்வியும் பதிலும்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கேள்விகள்.

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, மொட்டைமாடியில் பத்துப் பை தக்காளி வைத்திருக்கிறேன். செடி தளதளவென்று இருக்கிறது, பூவும் நிறைய. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உரம் போதவில்லையா?

உரத்தைக் கூட்டாதீர்கள் தம்பி. உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் முட்டி போல ஒரு கணு இருக்கும். அங்கே மஞ்சளாகிக் கழன்றிருந்தால் பெரும்பாலும் வெயிலின் வேலைதான். பகல் 35 டிகிரியையும் இரவு 25 டிகிரியையும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பகலுக்கு நிழல்வலை கட்டலாம். சித்திரை, வைகாசி இரவுப் புழுக்கத்துக்கு என்ன கட்டுவது? மல்லுக்கட்டாமல் பாதிப் பைகளை வெண்டைக்கும் கொத்தவரைக்கும் கொடுங்கள். வெண்டை 45 நாளில் கைக்கு வரும். தக்காளிக்குக் கார்த்திகை மழை ஓயும் நேரம் நாற்று விட்டு, தை பிறந்ததும் நடுங்கள்.

அப்புறம், மதியம் இரண்டு மணிக்குப் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உள்ளே வேர் வேகிறது என்று அர்த்தம். எனக்கு இலை வாடுவதைவிட இதுதான் பெரிய கவலை. பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். மேற்குப் பக்கம் சாக்கு தொங்கவிடுங்கள். மண் மேல் நாலு விரல் கனத்துக்குச் சருகு போடுங்கள். காலை ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: போர் தண்ணீர் உப்பு. அடி இலைகள் ஓரமாகக் கருகுகின்றன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறேன்.

அந்தக் 'கொஞ்சம் கொஞ்சம்'தான் கெடுக்கிறது அம்மா. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே தங்கும். பை ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதுதான். ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். மழைத்தண்ணீரை ட்ரம்மில் பிடித்து, மாதம் ஒருமுறை அதைக் கொண்டு அலசிவிடுங்கள். தென்னைநார்க் கழிவு வாங்கினால் அதிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் அலசாமல் கலக்கவே கூடாது. தரையில் இடம் இருந்தால் சப்போட்டா வையுங்கள், உப்பைத் தாங்கும். எலுமிச்சை தாங்காது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: கத்தரியின் நுனி வாடித் தொங்குகிறது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை.

தண்டுத்துளைப்பான் புழு. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே வெளிர் ரோஸ் நிறப் புழு இருக்கும். சோப்புத் தண்ணீரில் போடுங்கள், குப்பைக்குழியில் வேண்டாம்.

வில்லியனூரிலிருந்து: பப்பாளி முழுக்க வெள்ளை மாவுப்பூச்சி. எந்த மருந்து அடிக்கலாம்?

கடுமையான மருந்து எதுவும் வேண்டாம். 2008இல் இந்தப் பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்தபோது மருந்தால் அடங்கவில்லை. 2010இல் அசெரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. நீங்கள் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். எறும்பு ஏறாமல் பாருங்கள். மாவுப்பூச்சிக்குக் காவலே எறும்புதான்.

பண்ருட்டியிலிருந்து: வீட்டுச் சுவரோரம் பலா வைக்கலாமா?

பண்ருட்டியில் இருந்துகொண்டு பலா வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சுவரோரம் வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் நம் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி இடம் இருந்தால், பாலூர் ஆராய்ச்சி நிலையத்தில் பாலூர் 1 ஒட்டுக்கன்று கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். புரட்டாசியிலேயே கிளைகளைக் கவாத்து செய்து பாரத்தைக் குறைத்துவிடுங்கள்.

முதலியார்பேட்டையிலிருந்து: கொத்தமல்லி இப்போது விதைக்கலாமா?

வேண்டாம், முளைத்தாலும் உடனே பூவுக்குப் போய்விடும். மார்கழியில் விதையுங்கள். அதுவரை காலை வெயில் மட்டும் படும் இடத்தில் புதினா வைத்துக்கொள்ளுங்கள்.